யார் யாரை இழுப்பது?

கிராமத்தில் ஒரு வீட்டுக்குப் புது டிராக்டர் வந்து இறங்குகிற நாள் சின்னத் திருவிழா மாதிரிதான். முகப்பில் மாலை, நெற்றியில் சந்தனம் குங்குமம், சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம். பிள்ளைகள் கூச்சலிட்டுக்கொண்டு பின்னால் ஓடுவார்கள். பெரியவர்கள் திண்ணையை விட்டு எழுந்து வந்து டயரைத் தட்டிப் பார்ப்பார்கள். "எத்தனை குதிரை சக்தி?" என்பார் ஒருவர். "மணிக்கு எத்தனை லிட்டர் குடிக்கும்?" என்பார் இன்னொருவர். "வருஷத்துக்கு எத்தனை மணி நேரம் இதற்கு வேலை வைத்திருக்கிறாய்?" என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. மங்களகரமான நாளில் அப்படிக் கேட்பது அபசகுனம் என்று நினைக்கிறார்களோ, என்னவோ!

ஆனால் அந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் வாங்கிய வண்டிகள்தாம் பல வீடுகளில் பெண்களின் கழுத்திலும் காதிலும் இருந்ததை அடகுக் கடைக்கு அனுப்பியிருக்கின்றன. ஆகவே, நேயர்களே, சுமை இழுக்க வண்டி வாங்குவது எப்படி என்பதை இந்த வாரம் அடுப்பங்கரைப் பக்கத்திலிருந்து பார்ப்போம்.

வீட்டுச் செலவில் வண்டிக்கு என்ன இடம்?

மத்திய அரசு 2023-24ஆம் வருஷத்தில் நாடெங்கும் குடும்பச் செலவைப் பற்றி ஓர் ஆய்வு நடத்தியது. கிராமத்தில் ஓர் ஆளுக்கு மாதம் சராசரியாக 4,122 ரூபாய் செலவாகிறது என்று அதில் தெரிய வந்தது. நூறு ரூபாயில் ஏறக்குறைய 47 ரூபாய் சாப்பாட்டுக்குப் போகிறது. சாப்பாடு நீங்கலான செலவுகளில் முதலிடம் எதற்குத் தெரியுமா? துணிமணிக்கு அல்ல, மருந்துக்கும் அல்ல, போக்குவரத்துக்கு!

வீட்டில் ஐந்து பேர் என்றால் இந்தச் சராசரிப்படி மாதம் 20,600 ரூபாய். வருஷத்துக்குச் சுமார் 2,47,000 ரூபாய். அரிசி, பருப்பு, பால், பள்ளிக்கூடம், வைத்தியம், தீபாவளித் துணி எல்லாம் இதற்குள் அடக்கம். இந்த 2,47,000 என்ற தொகையை மனத்தில் வைத்துக் கொள்ளுங்கள். சற்று நேரத்தில் அதற்கு வேலை இருக்கிறது.

ஒரு குடும்பத்தின் யோசனை

காவிரிப் பாசனத்தில் நாலு ஏக்கர் நஞ்சை உள்ள ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்து கொள்வோம். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், கணவனின் தாயார். கொட்டிலில் இரண்டு கறவை மாடு. தமிழ்நாட்டில் இது ஏழைக் குடும்பம் என்று சொல்ல முடியாது. 2015-16 வேளாண்மைக் கணக்கெடுப்பின்படி இந்த மாநிலத்தில் ஒருவர் கையிலுள்ள நிலத்தின் சராசரி 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவுதான்.

இரவுச் சாப்பாடு ஆனதும் கணவர் பேச்சை ஆரம்பிக்கிறார்.

"உழவுக்கும் வண்டிக்கும் போன வருஷம் எழுபதாயிரத்துக்கு மேலே ஊராருக்குக் கொடுத்திருக்கிறோம். அந்தப் பணத்தைத் தவணையாகக் கட்டினால் வண்டி நமக்கே சொந்தமாகிவிடும்."

"தவணை எவ்வளவு வருங்க?" என்கிறாள் மனைவி.

"எல்லாம் கட்டிவிடலாம். நாலு பேருக்கு வாடகைக்கு ஓட்டினால் போகிறது!"

மூலையில் வெற்றிலை இடித்துக் கொண்டிருந்த தாயார் தலையை நிமிர்த்துகிறாள். "மாடு சும்மா நின்றாலும் சாணி போடும், தம்பி. உன் வண்டி சும்மா நின்றால் வட்டியல்லவா போடும்?"

கிழவி சொன்னது எவ்வளவு தூரம் சரி என்று கணக்கைப் போட்டே பார்த்துவிடுவோம். கீழே வருகிற விலைகளும் வாடகையும் உதாரணத்துக்கு வைத்தவை. உங்கள் ஊர் நிலவரத்தைப் போட்டு நீங்களே திரும்பக் கணக்கிட்டுக் கொள்ளலாம்.

கணக்கு என்ன சொல்லுகிறது?

நாலு ஏக்கருக்கு ஒரு போகத்துக்கு நாலு சால் உழவு, ஏக்கருக்கு ஒரு மணி என்றால் 16 மணி. இரண்டு போகத்துக்கு 32 மணி. குப்பை அடிக்க, உரம் கொண்டுவர, நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்கு ஏற்ற, வைக்கோல் கொண்டுவந்து சேர்க்க இன்னும் 28 மணி. தாராளமாகவே போட்டாலும் வருஷத்துக்கு 60 மணி. மணிக்கு 1,200 ரூபாய் வாடகை என்றால் 72,000 ரூபாய். கணவர் சொன்ன தொகை சரிதான்.

இப்போது சொந்த வண்டி. டிராக்டர் 8 லட்சம், டிரெய்லர் ஒன்றரை லட்சம். ஆக ஒன்பதரை லட்சம். நகையை வைத்து 2 லட்சம் முன்பணம் கட்டி, மீதி ஏழரை லட்சத்தை 12 சதவீத வட்டிக்கு ஐந்து வருஷக் கடனாக வாங்கினால், ஆறு மாதத்துக்கு ஒரு முறை கட்ட வேண்டியது ஏறக்குறைய 1,02,000 ரூபாய். வருஷத்துக்கு 2,04,000.

மேலே ஒரு தொகையை மனத்தில் வைத்துக் கொள்ளச் சொன்னேனே, அதன் பக்கத்தில் இதை வையுங்கள். ஐந்து பேர் வருஷம் முழுவதும் உண்டு உடுத்துப் படித்து வைத்தியம் பார்த்துக் கொள்ள 2,47,000. வண்டிக்குத் தவணை 2,04,000. ஒரு வீட்டுக்குள் இன்னொரு குடித்தனத்தைக் கொண்டுவந்து வைத்த மாதிரி!

இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். நாலு ஏக்கரில் ஒரு போகத்துக்கு 9 டன் நெல் விளைகிறது என்று வைப்போம். 2025-26ஆம் ஆண்டுக்கு மத்திய அரசு சாதாரண ரக நெல்லுக்கு அறிவித்த ஆதார விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். மாநில அரசு அதற்கு மேல் ஊக்கத் தொகை கொடுக்கிறது, அது தனி. ஆதார விலைக்குக் கணக்கிட்டால் 9 டன்னுக்கு 2,13,000 ரூபாய். அதாவது ஒரு போகத்து நெல்லில் ஒரு மணி கூட வீட்டுக்கு எடுக்காமல், விதைக்கும் உரத்துக்கும் கூலிக்கும் ஒரு காசும் கொடுக்காமல் விற்றால், ஒரு வருஷத் தவணையைக் கட்டிவிட்டு 9,000 ரூபாய் மிஞ்சும்!

"தவணை முடிந்தபின் வண்டி மிஞ்சுமே?" என்று கேட்கலாம். நியாயந்தான். அதையும் சேர்த்தே கணக்கிடுவோம். பத்து வருஷம் உழைத்துப் பத்தில் ஒரு பங்கு விலைக்குப் போகும் என்று வைத்தால், வருஷத் தேய்மானம் சுமார் 85,000. போட்ட முதலுக்குச் சராசரி வட்டி 63,000. இன்ஷூரன்ஸ், கொட்டகை வகையறா 15,000. ஆக, வண்டி ஓர் அடி நகராமல் நின்றாலே வருஷத்துக்கு 1,63,000 ரூபாய். இதை 60 மணிக்குப் பங்கிட்டால் மணிக்கு 2,700 ரூபாய்க்கு மேல். ஓடினால் மணிக்கு நாலு லிட்டர் டீசல், பழுது, எண்ணெய், ஓட்டுநர் கூலி சேர்ந்து இன்னும் 550. ஆகவே, 1,200 ரூபாய்க்கு வாசலில் வந்து நிற்கிற வேலைக்கு 3,250 ரூபாய்க்கு மேல் கொடுக்கிறோம்.

எத்தனை மணி ஓடினால் கட்டும்? வாடகை 1,200இல் ஓட்டச் செலவு 550 போக மிச்சம் 650. அதைக் கொண்டு 1,63,000ஐ வகுத்தால் 250 மணி. நமது குடும்பத்துக்கு இருப்பது 60 மணி. பாக்கி 190 மணிக்கு ஊரார் நிலத்தில் வேலை கிடைக்க வேண்டும்; அந்த வாடகை அறுவடை வரை கடன் சொல்லப்படாமல் கைக்கு வரவும் வேண்டும். உங்கள் தெருவில் ஏற்கெனவே ஆறு டிராக்டர் நின்றால் ஏழாவது வண்டிக்கு அந்த 190 மணி எங்கிருந்து வரும்?

2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான ஜி.எஸ்.டி. வரி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. நல்ல காரியம். ஆனால் வரி குறைந்ததால் நம் நிலத்தில் வேலை மணி கூடிவிடவில்லை.

தவணை தவறினால்

பிணையில்லாமல் விவசாயக் கடன் கிடைப்பது 2025 ஜனவரி முதல் 2 லட்சம் ரூபாய் வரைதான். அதற்கு மேல் போனால் வண்டியோடு நிலத்துப் பத்திரத்தையும் பல இடங்களில் கேட்பார்கள். பயிர்க் கடன் வேறு, வண்டிக் கடன் வேறு என்பதையும் பெண்கள் தெரிந்து வைத்துக் கொள்வது நல்லது. மூன்று லட்சம் வரையிலான பயிர்க் கடனை ஒழுங்காகக் கட்டினால் வட்டி 4 சதவீதத்துக்கு இறங்கும். கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கித் தவணைக்குள் கட்டியவர்களுக்கு வட்டியே இல்லை. 2021 பிப்ரவரியில் கூட்டுறவுப் பயிர்க் கடனைத் தள்ளுபடி செய்ததாக அரசு அறிவித்ததும் பயிர்க் கடனைத்தான். வண்டிக் கடனுக்கு இந்தச் சலுகைகளை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கக் கூடாது.

2016 மார்ச்சில் தஞ்சை மாவட்டத்தில் டிராக்டர் கடன் பாக்கிக்காக வண்டியைக் கைப்பற்ற வந்தபோது, ஒரு விவசாயியைப் போலீஸார் அடித்து இழுத்துச் சென்ற காட்சி நாடு முழுவதும் பரவியது. பார்த்தவர்கள் எல்லோரும் பதறினார்கள். அடித்தது அநியாயம் என்பதில் இரண்டாவது அபிப்பிராயம் இல்லை. அந்தக் கோபத்தோடு நாம் இன்னொன்றையும் கற்றுக் கொள்ள வேண்டும். மழை தவறலாம், தவணைத் தேதி தவறாது.

சுமைக்கு ஏற்ற வண்டி

அப்படியானால் சுமையை யார் இழுப்பது? சுமைகளை மூன்றாகப் பிரித்துக் கொண்டால் விடை தானே வரும்: அன்றாடச் சுமை, வாரச் சுமை, போகச் சுமை.

அன்றாடச் சுமை என்பது பால் கேன், புல் கட்டு, ஒரு மூட்டை உரம், அரைவைக்குப் போகும் நெல். இதற்கு நம் கிராமங்களில் ஏற்கெனவே ஒரு கெட்டிக்கார வாகனம் இருக்கிறது. 1980இல் ஓசூரிலிருந்து வந்த டி.வி.எஸ். 50 மொபெட்டும் அதன் வம்சமும்தாம்! இரண்டு பேர் சவாரி செய்ய வந்த வண்டியைச் சுமை வண்டியாக மாற்றிய பெருமை நம் ஜனங்களைச் சேர்ந்தது. வருஷத்தில் 365 நாளும் ஓடுவது இதுதான். சொந்தமாக வைத்துக் கொள்ள வேண்டியதும் இதுதான்.

வாரச் சுமை காய்கறி, பூ, வாழைத்தார் பயிரிடுகிறவர்களுக்கு. வாரத்தில் மூன்று நாளாவது உழவர் சந்தைக்கோ மண்டிக்கோ போகிற குடும்பத்துக்கு, நம் ஜனங்கள் 'குட்டி யானை' என்று அழைக்கிற சிறிய சரக்கு வண்டி பொருந்தும். இந்த வகையைப் பிரபலமாக்கிய டாடா ஏஸ் 2005இல் வந்தது. சுமார் முக்கால் டன் ஏற்றும். தார் ரோட்டில் டிராக்டரைவிட வேகம். ஆனால் வயலுக்குள் இறங்காது, உழவும் உழாது. இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து சரக்கு ஏற்றினால் வாடகைக்கு அமர்த்துவதே மலிவு.

போகச் சுமைதான் உழவும் அறுவடையும். இதற்குக் காளை ஜோடி, பவர் டில்லர், டிராக்டர் என்று மூன்று வழி. நல்ல காளை ஜோடி ஏறக்குறைய ஒரு குதிரை சக்திக்கு இழுக்கும்; டயர் வண்டி பூட்டினால் சமதளத்தில் ஒரு டன் வரை கொண்டு போகும். டீசல் வேண்டாம், எரு கிடைக்கும். ஆனால் வேலை இல்லாத நாளிலும் தீனி வேண்டும். பார்த்துக் கொள்ள ஆள் வேண்டும். மேய்ச்சலும் வைக்கோலும் சொந்தத்தில் உள்ளவர்களுக்கே இனி அது கட்டும். பவர் டில்லர் சின்ன வரப்புக்குள் நன்றாகத் திரும்பும். சிறிய டிரெய்லர் மாட்டினால் ஒரு டன்னுக்கு மேல் மெதுவாக இழுத்துப் போகும். விலையும் டிராக்டரில் ஒரு பங்குதான். சிறு, குறு விவசாயிகளுக்கு அரசு மானியமும் உண்டு. நாலு ஏக்கர்க்காரர் ஏதாவது வாங்கியே தீர வேண்டும் என்றால் முதலில் இதைப் பார்க்கலாம்.

டிராக்டரை வாடகைக்கு எடுக்கத் தனியார் மட்டும் இல்லை. வேளாண்மைப் பொறியியல் துறை மணிக்கணக்கில் வாடகைக்குக் கொடுக்கிறது. 2018இல் வந்த 'உழவன்' செயலி மூலம் வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம். சில கூட்டுறவுச் சங்கங்களிலும் இயந்திரங்கள் இருக்கின்றன.

"எல்லோருக்கும் ஒரே வாரத்தில் உழவு. வாடகை வண்டிக்குக் காத்திருந்தால் பருவம் தவறிவிடுமே?" என்று அனுபவஸ்தர்கள் கேட்பார்கள். இது வலுவான கேள்வி. ஆனால் 60 மணி வேலை உள்ள நாலு குடும்பம் சேர்ந்தால் 240 மணி ஆகிறதே! நமக்கு வேண்டியிருந்தது 250. அண்ணன் தம்பிகளோ பங்காளிகளோ அடுத்தடுத்த வயல்காரர்களோ சேர்ந்து ஒரு வண்டி வாங்கலாம். 2017-18இல் தமிழக அரசு தொடங்கிய கூட்டுப் பண்ணையத் திட்டத்தில், நூறு விவசாயிகள் கொண்ட குழுவுக்கு இயந்திரம் வாங்க 5 லட்சம் கொடுத்ததும் இந்த யோசனையில்தான். யாருக்கு முதலில் உழவு, பழுதுக்கு யார் பணம், விலக விரும்புகிறவருக்கு என்ன பங்கு என்பதை வண்டி வருமுன் காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். பின்னால் உறவு கெடாமல் இருக்க அது ஒன்றே வழி.

இழுப்பதற்கும் ஒரு முறை உண்டு

சொந்தமோ வாடகையோ, டிரெய்லர் மாட்டிய வண்டியைப் பற்றி வீட்டில் எல்லோரும் சிலவற்றைத் தெரிந்திருக்க வேண்டும்.

டிராக்டர் விளம்பரத்தில் குதிரை சக்தி பெரிய எழுத்தில் இருக்கும். சுமை இழுக்கச் சக்தியைவிட முக்கியம் வண்டியின் எடையும் பிரேக்கும். டிராக்டருக்குப் பிரேக் பெரும்பாலும் பின் சக்கரங்களில்தான். டிரெய்லருக்குப் பல சமயம் பிரேக்கே இருப்பதில்லை. பாலத்துச் சரிவில் இறங்கும்போது நிறைசுமை டிரெய்லர் டிராக்டரை முன்னே தள்ளும். ஏறுவதற்கு எந்தக் கியரோ, இறங்குவதற்கும் அதே கியர். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவது உயிரோடு விளையாடுவது. வயலில் தனித்தனியாக மிதிக்கிற இரண்டு பிரேக் மிதிகளையும் ரோட்டுக்கு வந்ததும் ஒன்றாகப் பூட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பிடித்து வண்டி குறுக்கே திரும்பும்.

சுமையை எப்போதும் கீழே உள்ள இழுவைக் கொக்கியில்தான் மாட்ட வேண்டும். பின் அச்சுக்கு மேலே கயிறோ சங்கிலியோ கட்டி இழுத்தால் முன்புறம் தூக்கிக்கொண்டு வண்டி ஓட்டுகிறவர் மேலேயே மல்லாந்துவிடும். அந்தக் காலத்து டிராக்டர்களில் கலப்பை எதிலாவது சிக்கினால் இப்படித்தான் நடக்கும். பெல்ஃபாஸ்டில் தொழில் செய்த ஹாரி ஃபெர்குஸன் என்ற என்ஜினீயர், கலப்பையை மூன்று புள்ளிகளில் வண்டியோடு இணைக்கும் முறையைக் கொண்டுவந்து இந்த அபாயத்தைக் குறைத்தார். இன்று நம் ஊர் டிராக்டர்களின் பின்னால் இருப்பதும் அந்த இணைப்புத்தான். சென்னையில் 1960இல் தொடங்கிய டாஃபே கம்பெனியின் வண்டிகளில் பலவற்றில் 'மாஸி ஃபெர்குஸன்' என்று அவர் பெயர் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

இரண்டு சக்கர டிரெய்லரில் மூட்டைகளை வால்புறம் குவித்தால் கொக்கி மேலே தூக்கும். எல்லாவற்றையும் முன்புறம் குவித்தால் டிராக்டரின் முன் சக்கரம் லேசாகி ஸ்டியரிங் பேசாது. அச்சுக்குச் சற்று முன்னே பாரம் இருக்கும்படி பரவலாக ஏற்ற வேண்டும். பின்னால் சிவப்பு விளக்கும் பிரதிபலிப்புப் பட்டையும் இல்லாமல் இரவில் ரோட்டோரம் நிறுத்தக் கூடாது.

கடைசியாக ஒன்று, தாய்மார்களுக்கு. டிரெய்லரில் மனிதர்கள் ஏறக் கூடாது. கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ "பத்து நிமிஷப் பயணந்தானே" என்று ஏறுகிறோம். 2022 அக்டோபர் 1ஆம் தேதி உத்தரப் பிரதேசத்தில் கான்பூருக்கு அருகே, கோயிலுக்குப் போய்த் திரும்பியவர்கள் ஏறி வந்த டிரெய்லர் குளத்தில் கவிழ்ந்து 25க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும்தாம். பஸ் கட்டணத்தை மிச்சம் பிடிக்கிற இடம் இதுவல்ல.

ஒரு வருஷம் எழுதுங்கள்

ஆகவே, வீட்டில் வண்டிப் பேச்சு எழுந்தால் சண்டை வேண்டாம். "வாங்கலாம், ஒரு வருஷம் கழித்து" என்று சொல்லுங்கள். ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். எந்தத் தேதியில் எந்தச் சுமை, எவ்வளவு எடை, எவ்வளவு தூரம், எத்தனை மணி, எவ்வளவு வாடகை என்று ஒவ்வொரு நடையையும் எழுதுங்கள். வண்டி கிடைக்காமல் எத்தனை நாள் வேலை நின்றது என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். அது கணவர் பக்கத்து நியாயம். தை மாதம் அறுவடை முடிந்ததும் இருவரும் உட்கார்ந்து கூட்டிப் பாருங்கள். 250 மணியை நெருங்கினால் நல்ல நாள் பார்த்து வாங்குங்கள். சந்தனம் குங்குமம் நீங்களே வையுங்கள். 60 மணி என்று வந்தால், முன்பணத்துக்கென்று எடுத்த நகையைத் திரும்பப் பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள்.

எண்பது பக்க நோட்டு எந்தப் பெட்டிக் கடையிலும் கிடைக்கும். இந்த வருஷத்து முதலீடு அது ஒன்றாகவே இருக்கட்டும்.